வயதைக் கேட்ட அலை

குருசுமுனையில் அலை நின்றுபோய் ஒரு வருசம் திரும்ப ஒரு வாரம் பாக்கி இருக்கையில், பெரிய குருசுத் திருநாளின் எட்டாம் நாள் காலையில், திருச்செந்தூரில் ஏறிய மினிபஸ்ஸிலிருந்து நான் இறங்கினேன். "அலை பாக்க வந்தவங்கல்லாம் எறங்குங்க, அலை, அலை, அலை" என்று கண்டக்டர், மற்ற ஊர்களில் தாலுகா ஆபீஸ் என்றும் ஆஸ்பத்திரி என்றும் கூவுவார்களே, அதே அலுத்த குரலில்தான் கூவினார். என்னோடு இறங்கிய பதினாறு பேரில் ஒருவருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

என் பையில் மாற்றுத்துணி இரண்டும், சுருட்டி வைத்த ஒரு நீலக் கயிறும் இருந்தன. அலைச்சறுக்குப் பலகையின் வாலையும் சறுக்குகிறவரின் கணுக்காலையும் சேர்த்துக் கட்டுகிற ஆறடி ரப்பர்க் கயிறு அது. விழுந்தாலும் பலகை ஆளை விட்டுப் போகாமல் பிடித்து வைக்கும். வெளியூர்ப் பிள்ளைகள் அதை லீஷ் என்பார்கள், அந்த ஊரில் கால்கயிறு. அது என்னுடையதல்ல, கித்தேரியுடையது.

அந்த ஊர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடலுக்குள் நீண்டு கிடக்கிற ஒரு மணல்மேடு, அதன் உச்சியில் எப்போதோ உடைந்த கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவை, அவர்கள் சொல்லில் குருசு, நிற்கிற கோயில், கீழே பழைய சந்நியாசி ஒருவர் தங்கியிருந்த குகை. வடக்கே பார்த்தால் முருகன் கோயில் கோபுரம் விரல்நுனி அளவுக்குத் தெரியும், தெற்கே அடுத்த ஊர்ப் பள்ளிவாசலின் மினார் தெரியும். மணல்மேட்டின் முனையில் கடல் திரும்புகிற இடத்தில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வரும் என்பதால், பத்துப் பன்னிரண்டு வருசமாகப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பெண்களில் முதன்முதலில் பலகைமேல் ஏறி நின்றவள் கித்தேரி. கோயிலைக் கூட்டி, மெழுகுதிரி ஏற்றி, மணி அடிக்கிற கோயில்பிள்ளை கயத்தானின் ஒரே மகள். தாயில்லாதவள். எனக்குக் கற்றுக்கொடுத்தவள். "எந்திரிங்க சார், இட்லிச்சட்டி மாதிரி உக்காந்திருந்தா கடலுக்கே சிரிப்பு வரும்" என்று அவள் கத்துவது கரையில் வலை பிரிக்கிறவர்களுக்கும் கேட்கும், அவர்கள் சிரிப்பார்கள், நான் எழுந்து நிற்பேன், விழுவேன்.

அந்த ஊர் மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் இறந்தாலும் வயதுக்கு ஓர் அடி. அடிகளை எண்ணிக்கொண்டே பெண்கள் சமையலை நிறுத்துவார்கள், எழுபது என்றால் பெருமூச்சு, ஏழு என்றால் அலறல். கடலில் இறந்தவர்களுக்கு அது இன்னும் கட்டாயம். வயதைச் சொன்னால்தான் கடல் ஆளைக் கொடுக்கும் என்பது அவர்களுடைய தீர்மானமான எண்ணம். முன்பொரு தடவை சந்தியாகு என்ற ஒருவருக்கு, கரையான் அரித்த ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்து ஐம்பத்தெட்டு அடித்துவிட்டார்களாம். மூன்று நாளாக உடல் வரவில்லை. "எங்க அண்ணனுக்கு அறுவதுல்லா" என்று அவர் தங்கச்சி அழுதபிறகு இன்னும் இரண்டு அடித்தார்கள், அந்த இரண்டாவது அடியின் ஓசை அடங்கும்முன் சந்தியாகு கரையில் கிடந்தாராம்.

போன வருசம் திருநாள் முடிந்த ஆறாம் நாள், மத்தியானம் மூன்று மணிக்குக் கித்தேரி பலகையோடு இறங்கினாள். அலை அவளைத் தூக்கியது, அவள் எழுந்து நின்றாள், அலை நின்றது.

கரையிலிருந்து எண்பது முழத்தில், இரண்டாள் உயரத்துக்கு, பச்சைக் கண்ணாடி மாதிரி, நுனி மட்டும் வெள்ளையாக வளைந்து, அவளை உள்ளே வைத்துக்கொண்டு அது அப்படியே நின்றது. அவள் முழங்கால் மடங்கியிருந்தது, இடதுகை நீண்டிருந்தது, முதுகு ஊரைப் பார்க்க, முகம் கடலைப் பார்க்க இருந்தது. ஆண்கள் குதித்து நீந்தினார்கள். தண்ணீர்தான், கை உள்ளே போகத்தான் செய்தது, ஆனால் எத்தனை முழம் நீந்தினாலும் அவளுக்கு இன்னும் அத்தனை முழம் பாக்கி இருந்தது. மறுநாள் டாக்டர் படகில் போய் ஸ்டெதஸ்கோப்பை அலையின்மேல் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கடல் சத்தந்தான் கேக்குது" என்று சொல்லி, யாரும் கேட்காமலே தலை குனிந்துகொண்டு போனார். அதிகாரி ஒருவர் வந்தார். ஆள் கண்ணெதிரே நிற்பதால் காணவில்லை என்று எழுத முடியாது, மணி அடிக்காததால் இறந்தாள் என்றும் எழுத முடியாது என்று யோசித்து யோசித்து, கடைசியில் "வெளியே சென்றுள்ளார்" என்று எழுதிக்கொண்டு போனார்.

அதன்பிறகு வேறு அலையே வரவில்லை. ஓர் அலை முடியாமல் அடுத்தது எப்படி வரும் என்று ஊரார் அதையும் ஒத்துக்கொண்டார்கள். கடல் குளமாய்க் கிடந்தது. படகுகள் அலையைச் சுற்றிக்கொண்டு போய்வந்தன, சுற்றும்போது ஓட்டுகிறவர்கள் இன்ஜினைத் தணித்தார்கள். சறுக்க வந்தவர்கள் மணலில் பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகும்போது பலகையைக் கரைக் குருசடியில் சாத்திவிட்டுப் போனார்கள், நேர்ந்துகொண்டு வைப்பதுபோல. முருகனுக்குப் பாதயாத்திரை வருகிறவர்கள் ஒரு கிலோமீட்டர் கூட நடந்து வந்து விபூதியைத் தண்ணீரில் தூவினார்கள். தெற்கூரில் சந்தனக்கூடு நடந்தபோது ஒரு கிண்ணம் சந்தனத்தை இவளுக்கென்று தனியாகக் கொடுத்தனுப்பினார்கள். காலையில் பெண்கள் அலையின் முகத்தைப் பார்த்துத் தலை சீவினார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் "அக்கா, வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தை மாதம் அவளுக்கு இருபத்துமூன்று வயது முடிந்த அன்று கரையில் கேக் வெட்டி, முதல் துண்டை மீன்களுக்குப் போட்டார்கள்.

இத்தனையும் நடந்த கரைக்கு ஒரு நாள்கூட வராதவர் கயத்தான் ஒருவர்தான்.

அலை நின்ற அன்று சாயங்காலம் அவர் மணிக்கூண்டுக்குள் போய், ஏணியில் ஏறிக் கை எட்டின உயரத்தில் மணிக்கயிற்றை அறுத்து, அறுத்த துண்டைக் கடலில் எறியச் சொல்லி ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டார். "ஒண்ணுன்னு அடிச்சா கடல் எண்ண ஆரம்பிச்சிரும்" என்றார். துக்கமணி மட்டுமல்ல, பூசைமணி, திரிகால மணி, கல்யாணமணி எதுவும் இல்லை. ஊர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமியார் பூசை நேரத்தை போனில் செய்தியாக அனுப்பினார், கல்யாணங்களுக்கு வெடி போட்டார்கள், தெற்கூர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது இங்கே பெண்கள் எழுந்து சிலுவை போட்டுத் திரிகால ஜெபம் சொன்னார்கள். இந்த வருசத் திருநாளுக்குக் கொடியைக்கூட மணியில்லாமலே ஏற்றினார்கள். ஒரு தகப்பனின் மனம் நோகக்கூடாது என்று ஒரு ஊரே ஓசையில்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. அது எவ்வளவு பெரிய அன்பு, எவ்வளவு பெரிய பிழை என்று அந்தக் கோடை வரும்வரை யாருக்கும் தெரியவில்லை.

நான் வழக்கமாகத் தங்குவது எஸ்கலின் அக்கா வீட்டில். அவள் ஆப்பம் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இப்பந்தான் ஒனக்கு வழி தெரிஞ்சிச்சா மக்கா? எங்க இருந்தெல்லாமோ வந்துட்டுப் போறாவ, அவகிட்ட படிச்ச பயலக் காணும்."

"வரப் பயமா இருந்துச்சு, அக்கா."

"அவளுக்கா பயந்த?"

நான் ஆப்பத்தைப் பிய்த்தேன். அவளே தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டு தொடர்ந்தாள். "போய்ப் பாரு. ஆனா சங்கடப்படாத. அலை வத்துது. மாசியில இருந்தே வத்துது. உப்பளத்துல வேல பாக்குற ஆளு ஒருத்தர் வந்து பாத்துட்டு, 'இது பாத்தியில தண்ணி வத்துற மாதிரில்லா இருக்கு, இன்னும் பத்து நாள்ல பூ விடும்'னு சொல்லிட்டாவ. பூன்னா உப்புப் பூ. பூத்துட்டா அப்புறம் அலையும் இல்ல, பிள்ளையும் இல்ல, உப்புதான், வாரிட்டுப் போக வேண்டியதுதான். அவர் சொல்லி இன்னைக்கோட எட்டு நாளாச்சி."

"கயத்தான் ஐயாகிட்ட சொல்லலியா?"

"சாமியாரு சொல்லிப் பாத்தாவ, கமிட்டி சொல்லிப் பாத்திச்சி. 'சாவியக் குடுங்க, நானே அடிக்கேன்'னு சாமியாரு கேட்டதுக்கு, 'எம் பிள்ளைக்கு நீங்க எப்படி சாமி வயசு சொல்லுவிய'ன்னு கேட்டுட்டாவ. 'ஒரு தடவ வந்து பாத்துட்டாவது போங்க'ன்னா, பாத்தா அடிக்க மாட்டேன்னுதாவ. பாக்காமலும் அடிக்கல. என்ன செய்யச் சொல்லுத?"

நான் கரைக்குப் போனேன். இரண்டாள் உயரம் ஓராள் உயரமாகியிருந்தது. நுனி வெள்ளை இப்போது நுரையல்ல, உப்பு. அவளுடைய பின்னலை, அவள் எப்போதும் போடுகிற சாயம்போன மஞ்சள் சட்டையை, நீட்டிய கையை எல்லாம் பச்சைக்குள் பார்த்தேன். கீழே, அலை மெலிந்த இடத்தில், இடதுகாலின் குதி மட்டும் தண்ணீரை விட்டு வெளியே வந்திருந்தது. சித்திரை வெயில் அதன்மேல் நேராக அடித்தது. குதியைச் சுற்றி வெள்ளையாய் ஒரு கோடு.

கணுக்காலில் எதுவும் கட்டியிருக்கவில்லை. கட்டவேண்டியது என் பையில் இருந்தது. போன திருநாள் முடிந்து அவசரமாகப் பஸ் ஏறும்போது என்னுடையது என்று நினைத்து அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த முறை கொடுத்துக்கொள்ளலாம் என்று ஆணியில் மாட்டி வைத்தது.

மேட்டில் கோயிலையொட்டிய கயத்தான் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டபோது அவர் மெழுகுதிரித் துண்டுகளை உருக்கிக்கொண்டிருந்தார். என்னைத் தெரிந்தது. "இட்லிச்சட்டி" என்றார். அவள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். நான் சிரிக்க முயன்று முடியாமல், பையைத் திறந்து கயிற்றை அவர் முன்னால் வைத்தேன்.

"இது கித்தேரியோடது ஐயா. நான்தான் எடுத்துட்டுப் போயிட்டேன். தெரியாமத்தான். அன்னைக்கு இது இருந்திருந்தா…"

அவர் வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு எடுத்து, வலைக்கயிற்றில் அறுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல முனையிலிருந்து முனைவரை விரலால் உருவினார்.

"இத எங்கெல்லாம் தேடுனா தெரியுமா தம்பி. கட்டிலுக்கடியில தேடுனா, கோழிக்கூட்டுக்குள்ள தேடுனா. 'அப்பா, என் கயிற எங்கயாவது கட்டிப்போட்டியளா'ன்னு என்னையப் போட்டு அரிச்சா. எனக்கு மூணு மணி அடிக்கப் போற அவசரம். 'ஒரு நாளைக்குக் கயிறு இல்லாமத்தான் போயேன் ஏட்டி, கடல் என்ன ஒன்னத் தின்னுருமா'ன்னு சொன்னேன்." அவர் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டார். "நீ எடுத்துட்டுப் போனது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதக் கேட்டுட்டுத்தான் போனா."

வெளியே ஒலிபெருக்கியில் சாயங்கால நவநாள் ஜெபத்துக்கு அறிவிப்புச் சொன்னார்கள்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் ஐயா."

"எப்படி நிக்கா?"

"நல்லாத்தான் நிக்கிறா. தண்ணி கொறைஞ்சிருக்கு. குதி வெளிய தெரியுது."

"எந்தக் குதி?"

"இடதுகால்."

"அதுலதான் சின்னப்பிள்ளையில வத்தைப்படகுப் பலகை ஆணி ஏறிச்சி. பத்து நாளு தூக்கிட்டே அலைஞ்சேன்." மெழுகைக் கிளறினார். "வெயில் படுதா?"

"படுது ஐயா. நேரா படுது."

அவர் அடுப்பை அணைத்தார். எழுந்து, மடியிலிருந்த சாவியை அவிழ்த்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமியார் கேட்டு, கமிட்டி கேட்டு நடக்காதது, ஒரு குதிகாலில் வெயில் படுகிறது என்ற சொல்லில் நடந்தது.

"நாளைக்கு மூணு மணிக்கு அடிக்கேன்னு சாமியாருட்ட சொல்லிரு."

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. எத்தனை அடி என்பதுதான் பேச்சு. தைக்கு இருபத்துமூன்று முடிந்துவிட்டது, நாமே கேக் வெட்டினோம் என்றார்கள் சிலர். அலை நின்ற அன்றைக்கு இருபத்திரண்டுதான், கடல் கேட்பது அந்த வயதைத்தான் என்றார்கள் பலர். "அப்பம் இந்த ஒரு வருசம் அவ என்ன, ரேசன் கடை வரிசையிலயா நின்னா?" என்று எஸ்கலின் அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டாள். சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு, இருபத்திரண்டு என்று முடித்தார். கயத்தான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குக் கரை நிறைந்திருந்தது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், வலைகளைச் சுருட்டி வைத்துவிட்டார்கள், திருநாள் கடைக்காரர்கள் பலூன்களை இறக்கிக் கட்டிவிட்டார்கள். மேட்டின்மேல் மணிக்கூண்டில் கயத்தானும் நானும் மட்டும்தான். உள்ளே நின்று கயிறு இழுக்கிறவருக்குக் கடல் தெரியாது. நான்கு பக்கமும் சுவர், கதவு ஒன்று, கதவில் நின்றால்தான் கடல்.

அறுத்த கயிறு ஆள் எட்டாத உயரத்தில் தொங்கியது. அது கயிற்றுக்குப் பஞ்சமில்லாத ஊர். புதுக்கயிறு நான்கைந்தைக் கொண்டுவந்து வாசலில் போட்டிருந்தார்கள். கயத்தான் ஒன்றையும் எடுக்கவில்லை. ஏணியில் ஏறி, மகளின் கால்கயிற்றைத் தொங்கிய நுனியில் வலைமுடிச்சாகப் போட்டுக் கட்டினார். இறங்கி, கணுக்காலுக்கான பட்டையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்.

"நீ கதவுல நில்லு தம்பி. பாத்துச் சொல்லு."

"நீங்க ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு…"

"பாத்தா அடிக்க மாட்டேன். நீ சொல்லு."

இழுத்தார். ரப்பர்க் கயிறு நீண்டது, நீண்டுகொண்டே வந்தது, மணி பேசவில்லை. பிறகு, நாங்கள் இருவரும் மூச்சை விட்ட நேரத்தில், மேலே அது ஒலித்தது. ஒரு வருசமாக வாய் திறக்காத மணி. கரையில் பெண்கள் ஒரே குரலில் "ஒண்ணு" என்றார்கள்.

அலை அசைந்தது.

"அசையுது ஐயா."

இரண்டு. மூன்று. ஓர் அடிக்கு மூன்றரை முழம்போல, வயதான ஒருவரைக் கைபிடித்து அழைத்து வருவதுபோல, அலை அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஐந்தில், "அவ ஆத்தா போன வயசு" என்றார் அவர் தனக்குள். ஏழில் ஆணி ஏறிய கதையை மறுபடி சொன்னார். "முழங்கால் நிமிருது ஐயா" என்றேன், நிமிர்ந்தது. "கை ஆடுது" என்றேன், ஆடியது. பதினைந்தில், "மொதல்ல பலகை கேட்டு அழுத வயசு" என்றார். ஒவ்வோர் இழுப்புக்கும் ஓசைக்கும் நடுவில் அந்த ரப்பர் நீளுகிற நேரம் இருந்தது, அந்த நேரத்தில் ஊர் முழுவதும் மூச்சுவிடாமல் நின்றது, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு.

அலை மறுபடி நின்றது. கரைக்கு இன்னும் மூன்று முழம்.

பெண்கள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். சாமியார் புத்தகத்தைத் திறப்பது தெரிந்தது. யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

"வந்துட்டாளா?"

"இன்னும் கொஞ்சந்தான் ஐயா. மூணு முழம்."

அவர் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். "ஒரு வருசம் தன்னந்தனியா அங்க நின்னாளே" என்றார். "அத யாரு கணக்குல வைப்பா?"

இழுத்தார். அந்த ஒரு தடவை கயிறு நீண்டதைப்போல எந்தத் தடவையும் நீளவில்லை. இருபத்துமூன்றாவது ஓசை விழுந்தது. அதன்பின் ஒரு வருசமாகக் கேட்காத சத்தத்தைக் கேட்டேன். அலை ஒன்று கரையில் உடைந்து மணலை அரித்துக்கொண்டு ஏறுகிற சத்தம். அதன்பின்னால் இன்னொன்று. அதன்பின்னால் ஒரு வருசத்து அலைகள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "முகத்தக் காட்டுனாளா?"

"திரும்பிப் பாத்தா ஐயா. இங்கதான் பாத்தா. மணிக்கூண்டப் பாத்துச் சிரிச்சா."

அவர் தலையை ஆட்டினார். பட்டையை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு வருசத்தில் முதல்முறையாக மேட்டைவிட்டுக் கரைக்கு இறங்கினார், கூட்டம் வழிவிட்டது.

ஈரமணலில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். எஸ்கலின் அக்கா மடியில் தலை. கயத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, இடது குதியிலிருந்த உப்பைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பின்னலைக் கையில் எடுத்து, இடுப்புவரை இருந்தது இப்போது ஒரு சாண் கூட நீண்டிருப்பதை அளந்து, சாமியாரிடம் காட்டினார்.

"இருபத்துமூணுதான் சாமி" என்றார்.

சாமியார் அங்கேயே மணலில் உட்கார்ந்து, புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுநாள் பத்தாம் திருநாள். சப்பரம் கோயில் வாசலில் காத்திருக்க, அவள் பெட்டி முதலில் போனது, அதன்பிறகுதான் சப்பரத்தைத் தூக்கினார்கள். தெற்கூர்க்காரர்கள் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள். கல்லறையில் மண் போடும்போது கயத்தான் என் காதருகே குனிந்து, "சிரிச்சான்னு சொன்னியே" என்றார்.

"ஆமா ஐயா."

"அவளுக்குப் பல்லு தெரியச் சிரிக்கத்தான் தெரியும்."

"ஆமா ஐயா. பல்லு தெரிஞ்சிச்சு."

இருபத்துமூன்றாவது அடியின்போது நான் கடலைப் பார்க்கவில்லை. கயிறு நீண்டுகொண்டே போனபோது, பட்டை இறுகி வெளுத்துப்போன அவருடைய மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் நின்ற அத்தனை பேரையும் பிறகு தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். அலை உடைந்தபோது நுரை எல்லாவற்றையும் மூடிவிட்டது, முகத்தை யாரும் பார்க்கவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் இப்போது ஊரில் யாரைக் கேட்டாலும், அவள் திரும்பி மணிக்கூண்டைப் பார்த்துச் சிரித்தாள் என்கிறார்கள், பல் தெரிய.

அந்தக் கால்கயிற்றை அவர் அவிழ்க்கவில்லை. அதிகாலைப் பூசைக்கும் மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் அதைத்தான் இழுக்கிறார். இழுத்ததும் மணி ஒலிப்பதில்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் ஒலிக்கிறது. அந்தப் பொறுக்கிற நேரத்தில் கடலில் எந்த அலையும் உடைவதில்லை.